ஒன்பது நாள் மூடிக் கிடந்த அறை

அக்காவுக்கு அந்த வேலை கிடைத்தது ஒரு வாஷ்பேசின் முன்னால். இதை யாரிடம் சொன்னாலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

அதற்கு முன் பதினோரு வருடம் ஓர் ஆஸ்பத்திரியில், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை வைத்திருக்கும் பகுதியில் துப்புரவு வேலை பார்த்தார். ஒப்பந்தக்காரர் மாறியதும் பழைய ஆட்கள் அத்தனை பேரையும் ஒரே நாளில் போகச் சொல்லிவிட்டார்கள். மூன்று மாதம் வீட்டில் இருந்தார். "மூணு மாசத்துல எங்க வீட்டுச் சுவர் ஒரு அடுக்கு தேஞ்சு போச்சு. அப்படித் துடைச்சா" என்பார் அவர் கணவர்.

கணவர் சலூன் வைத்திருக்கிறார். முடிவெட்டி முடித்ததும் கழுத்தில் பவுடரைக் கொட்டோ கொட்டென்று கொட்டுவார் என்பதால் அவருக்குப் 'பவுடர் அண்ணன்' என்று பெயர். நான் பன்னிரண்டு வருடமாக அவரிடம்தான் முடிவெட்டிக்கொள்கிறேன். இந்தக் கதையின் பெரும்பகுதியை அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் கேட்டேன். பிறகு அக்காவிடம் போய்ச் சரிபார்த்துக்கொண்டேன். "அவர் சொன்னதுல பாதியைக் கழிச்சிட்டு எழுதுங்க" என்று எச்சரித்தவரும் அவர்தான்.

விண்வெளித் தொலைநோக்கிக்கான கருவிகளைப் பூட்டுகிற ஒரு கூடத்தில் சுத்தம் செய்ய ஆள் வேண்டும் என்று விளம்பரம் வந்திருந்தது. அக்கா போனார். அவரைத் தேர்வு செய்ய உட்கார்ந்திருந்தவர் அந்தக் கூடத்தின் சுத்தத்துக்குப் பொறுப்பான பொறியாளர். ஒல்லியான அம்மாள். சட்டைப் பையில் எப்போதும் ஊதா வெளிச்சம் அடிக்கிற சின்ன டார்ச் ஒன்று இருக்கும். அதனால் அங்கே எல்லோருக்கும் அவர் 'டார்ச் மேடம்'.

டார்ச் மேடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை. மூலையிலிருந்த வாஷ்பேசினைக் காட்டினார்.

"கை கழுவிக் காட்டுங்க."

அக்கா வளையலைக் கழற்றி வைத்தார். விரல் இடுக்கு, நகக்கண், கட்டைவிரலின் அடி, மணிக்கட்டு என்று நிதானமாகக் கழுவினார். முடித்ததும் முழங்கையால் குழாயை மூடினார். பக்கத்தில் தொங்கிய துண்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கைகளை மார்புக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

"துண்டுல துடைச்சுக்கலாமே?"

"அந்தத் துண்டு எப்போ துவைச்சதுன்னு எனக்குத் தெரியாதுங்க."

"எனக்கும் தெரியாது" என்றார் டார்ச் மேடம். "எப்போ சேர்றீங்க?"

சேர்ந்த அன்றே விதிகளைச் சொன்னார்கள். தலைக்கு எண்ணெய் கூடாது. வாசனை சோப்பு, பவுடர், முகப்பூச்சு, சென்ட் எதுவும் கூடாது. உள்ளே போவதற்கு முன் உச்சி முதல் பாதம் வரை வெள்ளை அங்கி, குல்லா, முகக்கவசம், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஜோடிக் கையுறை. வெளியே தெரிவது கண் மட்டும்.

அக்காவுக்கு இதில் கஷ்டமில்லை. பவுடர் அண்ணனுக்குத்தான் இடி விழுந்தது. ஆறு வகை எண்ணெயும் நாலு வகை சென்டும் நடுவில் நின்று பகல் முழுவதும் பிழைப்பு நடத்துகிற மனிதர். வீட்டுக்கு வந்தால் மனைவி வாசலிலேயே நிறுத்தினார்.

"அப்படியே போய்க் குளிச்சிட்டு வாங்க. சட்டையைத் தனியா போடுங்க."

"ஏம்மா, நான் என்ன சாக்கடையிலேர்ந்தா வர்றேன்?"

"சாக்கடைன்னா பரவாயில்லைங்க. நீங்க மல்லிகை சென்ட்லேர்ந்து வர்றீங்க."

இந்தக் கெடுபிடிக்கெல்லாம் காரணம் என்ன என்று அக்கா முதல் வாரமே டார்ச் மேடத்திடம் கேட்டுவிட்டார். காரணம் தெரியாமல் துடைக்க அவருக்கு வராது. டார்ச் மேடம் சொன்னது இதுதான். நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியைப் பார்ப்பதற்காகச் செய்யப்படுகிற கருவி இது. அந்த ஒளியில் பெரும்பகுதியைப் பூமியின் காற்று மண்டலமே வடிகட்டிவிடுகிறது. அதனால்தான் வானத்துக்கு மேலே போய்ப் பார்க்கவேண்டியிருக்கிறது. அந்த ஒளிக்கு எண்ணெய்ப் பசை என்றால் ஆகாது. கண்ணுக்கே தெரியாத மெல்லிய படலம் கண்ணாடியில் படிந்தாலும் ஒளியை விழுங்கிவிடும். மேலே போன பிறகு துடைக்கவும் முடியாது. வெயில் பட்டுப்பட்டு அந்தப் படலம் அப்படியே இறுகி நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும்.

"ஒரு விரல் ரேகை போதும்மா. இருபது வருஷ உழைப்பு போயிடும்."

அக்கா தன் பத்து விரலையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பயம் வந்தது என்று சொல்லவில்லை. "கௌரவமா இருந்துச்சு" என்றுதான் சொன்னார். ஆஸ்பத்திரியில் அவர் துடைத்த தரையை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. இங்கே துடைத்த இடத்தை டார்ச் அடித்துப் பார்க்க ஓர் அதிகாரி இருந்தார்.

அறையில் அங்கங்கே தீப்பெட்டி அளவில் கண்ணாடித் துண்டுகள் வைத்திருந்தார்கள். காற்றில் என்ன மிதக்கிறதோ அது அவற்றின் மேல் படியும். வாரம் ஒருமுறை எடுத்துச் சோதிப்பார்கள். 'சாட்சிக் கண்ணாடி' என்று அவற்றுக்குப் பெயர். இரண்டு வருடம் அந்தச் சாட்சிகள் அக்காவுக்கு எதிராக வாய் திறந்ததே இல்லை.

ஆனால் கை கெட்டுப்போனது. ஒரு ஷிப்டில் இருபது முறை கழுவ வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆல்கஹால் தடவ வேண்டும். அறையின் காற்று வேறு வறண்டது. இரண்டாம் வருடக் கடைசியில் விரல் மூட்டுகளில் எல்லாம் வெடிப்பு. ஆல்கஹால் பட்டால் உயிர் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு தடவிக்கொள்வார். சாப்பாட்டைக் கரண்டியால்தான் சாப்பிட முடிந்தது. மேடத்திடம் சொல்லவில்லை. சொன்னால் அறைக்குள் விடமாட்டார்களோ என்ற சந்தேகம்.

பவுடர் அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏதாவது தடவிக்கோ" என்பார். "கூடாதுங்க" என்பார் அக்கா. தினமும் இதே பேச்சு.

ஒரு செவ்வாய்க்கிழமை அக்காவுக்கு மதியம் இரண்டு மணி ஷிப்டு. சாப்பிட்டுவிட்டுச் சற்றுக் கண் அயர்ந்தார். கடையை மூடிவிட்டுச் சாப்பிட வந்த அண்ணன், சோபாவில் தூங்குகிற மனைவியையும் மடியில் மலர்ந்து கிடந்த கைகளையும் பார்த்தார். ஒரு மூட்டில் ரத்தம் காய்ந்திருந்தது. அவரால் தாங்க முடியவில்லை. போன வாரமே மருந்துக் கடையில் வாங்கி ஒளித்து வைத்திருந்த களிம்பை எடுத்தார். பூ மேல் கை வைப்பதுபோல ஒவ்வொரு வெடிப்பிலும் தடவி, பிசுக்குத் தெரியாதபடி துணியால் ஒற்றி எடுத்தார். இருபத்தைந்து வருடம் தலைகளைப் பிடித்துப் பழகிய கை. அக்கா அசையக்கூட இல்லை.

எழுந்தபோது மணி ஒன்றரை. அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார். கூடத்தின் வாசலில் வழக்கம்போலக் கழுவினார். ஆல்கஹால் தடவினார். எரியவில்லை. புண் ஆறுகிறது போல என்று நினைத்தார்.

"அப்ப எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?" என்று என்னிடம் சொல்லும்போது அவர் முகம் சுண்டிப்போனது. "அந்தச் சந்தோஷத்தை நினைச்சாத்தான் இன்னும் வெக்கமா இருக்கு."

அன்றைய வேலை, பெரிய கண்ணாடியைச் சுற்றியுள்ள உலோக வளையத்தைத் துடைப்பது. கண்ணாடிக்கு மேல் மூடி போட்டிருந்தது. மறுநாள் காலை அந்த மூடியைத் திறந்து கடைசிச் சோதனை செய்வதாக ஏற்பாடு. அக்கா மூன்று மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் துடைத்தார்.

ஐந்து மணிக்கு டீக்காக வெளியே வந்து கையுறைகளைக் கழற்றிக் கை கழுவினார். இந்தமுறை அவசரமில்லை. தண்ணீர் விரலில் பரவாமல் முத்துமுத்தாக உருண்டு நின்றதைப் பார்த்தார்.

எண்ணெய் பட்ட இடத்தில்தான் தண்ணீர் அப்படி நிற்கும்.

கணவருக்குப் போன் போட்டார்.

"என் கையில ஏதாவது போட்டீங்களா?"

மறுமுனையில் அண்ணன் குரலில் அப்படியொரு பெருமை. "எப்படி, சுகமா இருக்கா? வாசனையே இல்லாததாக் கேட்டு வாங்கினேன். உன் ஆபீஸ்ல ஒரு பய கண்டுபிடிக்க முடியாது!"

பாவம், மனிதர் இரண்டு வருடமாக விஷயத்தைத் தவறாகவே புரிந்துவைத்திருந்தார். வாசனைதான் அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்திருக்கிறார்.

அக்கா போனை வைத்தார். கையுறை போட்டுத்தானே துடைத்தோம், ஒன்றும் ஆகியிருக்காது என்று மனசின் ஒரு பக்கம் சொன்னது. ஆனால் கையுறையை மாட்டும்போது அதன் வெளிப்பக்கத்தைப் பிடித்து இழுத்தது அந்த விரல்தானே? இது யாருக்கும் தெரியவும் போவதில்லை. நாளைக்கு மூடியைத் திறப்பார்கள். ஏதாவது படிந்தால் மேலே போன பிறகுதான் தெரியும். அப்போதும் யாருடைய விரல் என்று எவராலும் சொல்ல முடியாது.

டீயைக் குடிக்காமலே டார்ச் மேடத்தின் அறைக்குப் போனார். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை. நின்றபடியே ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னார். கணவர் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. "என் கையில களிம்பு இருந்துச்சு மேடம். நான் கவனிக்கல" என்றார்.

டார்ச் மேடம் ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எத்தனை மணிக்கு உள்ளே போனீங்க?"

"ரெண்டு அஞ்சு."

"எங்கேர்ந்து துடைக்க ஆரம்பிச்சீங்க?"

"கதவுப் பக்கத்துலேர்ந்து மேடம். வலது கைப்பக்கமா சுத்தி வந்தேன்."

"மூடியைத் தொட்டீங்களா?"

"விளிம்புல ரெண்டு இடம்."

இருவரும் அங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். அக்கா எதையும் தொடாமல் கைகட்டி நின்றார். விளக்குகளை அணைக்கச் சொல்லிவிட்டு மேடம் டார்ச்சை அடித்தார். வளையத்தில் நாலு இடத்திலும் மூடியின் விளிம்பில் ஓர் இடத்திலும் நீலம் பூத்தாற்போல மங்கலான தீற்றல் தெரிந்தது. வெறும் கண்ணுக்கு அங்கே ஒன்றுமே இல்லை.

"அதைப் பார்த்ததும் அழுகை வந்துருச்சு" என்றார் அக்கா. "முகக்கவசத்துக்குள்ள அழறது இருக்கே, ரொம்பக் கஷ்டம். மூக்கைச் சிந்தக்கூட முடியாது."

அன்று மாலையே அறையை மூடினார்கள். மறுநாள் சோதனை ரத்தானது. எல்லாச் சாட்சிக் கண்ணாடிகளும் பரிசோதனைக்குப் போயின. அக்காவிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, அன்று எதையெல்லாம் தொட்டாரோ அதையெல்லாம் எழுதச் சொன்னார்கள். நாற்பத்து மூன்று இடங்களை எழுதினார். அவருடைய வேலை இருக்குமா, இருக்காதா என்பதை மேலிடத்துக் குழு தீர்மானிக்கும் என்றார்கள். அதுவரை அறைக்கு வெளியே வேறு வேலை பார்க்க வேண்டும்.

வீட்டில் அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு நாள் அவரிடம் முடிவெட்டிக்கொண்டவர்கள் தலை எல்லாம் ஏறுக்குமாறாகத்தான் இருந்தது, என் தலை உட்பட. மூன்றாம் நாள் கடையை அடைத்துவிட்டு, இரண்டு முறை குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு அந்தக் கூடத்தின் வாயிலுக்குப் போனார். களிம்பு டியூபை மூன்று பிளாஸ்டிக் பைகளுக்குள் வைத்துச் சுருட்டிக் கையோடு கொண்டுபோயிருந்தார். உள்ளே விடமாட்டோம் என்றார் காவலாளி. டார்ச் மேடத்தைப் பார்க்காமல் நகரமாட்டேன் என்று வாயிற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து மேடமே வந்தார்.

"மேடம், குத்தம் என்னோடது. அவளுக்குத் தெரியாம, தூங்கறப்ப நான்தான் தடவினேன். தண்டிக்கிறதா இருந்தா என்னைத் தண்டிங்க."

"உங்களை எப்படிங்க தண்டிக்கிறது? நீங்க எங்க ஆளே இல்லையே."

"எங்க வீட்டுக்கும் அவதான், உங்க கூடத்துக்கும் அவதான். நடுவுல மாட்டிக்கிட்டது அவ கைதான் மேடம். வந்து ஒரு தடவை பாருங்க, கை மாதிரியா இருக்கு?"

மேடம் டியூபை வாங்கி, அதன் முதுகில் பொடி எழுத்தில் எழுதியிருந்த சேர்மானங்களைப் படித்தார். பிறகு, "இது எங்களுக்கு ரொம்ப உபயோகமா இருக்கும். எதைத் தேடணும்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு" என்றார். அண்ணனுக்கு எதுவும் விளங்கவில்லை. ஆனால் திரும்பி வரும்போது மனசு லேசாகியிருந்தது.

மேடம் நேராக அக்காவிடம் போய்க் கையைக் காட்டச் சொன்னார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதை ஏன் என்கிட்ட முன்னாடியே சொல்லலை?"

"வேலை போயிடும்னு பயந்தேன் மேடம்."

"நானும் கேக்கலையே" என்றார் டார்ச் மேடம். "உலோகத்துக்கெல்லாம் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். உங்க கையைப் பார்க்கலை."

ஒன்பதாம் நாள் முடிவு வந்தது. சாட்சிக் கண்ணாடிகள் சுத்தம். வளையத்தையும் மூடியையும் அக்கா எழுதிக் கொடுத்த வரிசைப்படியே துடைத்து, மறுபடி சோதித்து, ஒரு பசையும் இல்லை என்று உறுதிப்படுத்தியிருந்தார்கள். மூடியைத் திறக்காமலே இருந்ததால் கண்ணாடிக்குச் சேதமில்லை. மறுநாள் திறந்திருந்தால் கதை வேறு. குழுவில் ஒருவர், விதியை மீறியவரை வைத்துக்கொள்வது சரியா என்று கேட்டிருக்கிறார். டார்ச் மேடம் சொன்ன பதிலை அங்கே குறிப்பெடுத்த உதவியாளர் பிறகு அக்காவிடம் சொன்னார். "இவங்களை அனுப்பிட்டா, நாளைக்குத் தப்பு பண்றவங்க யாரும் என்கிட்ட வந்து சொல்லமாட்டாங்க. அப்புறம் எனக்கு இந்த டார்ச்சும் வேண்டாம், இந்த வேலையும் வேண்டாம்."

அக்கா மறுபடி உள்ளே போனார். அன்றிலிருந்து விதிகளில் இரண்டு கூடின. உள்ளே போகிறவர்களின் கையை வாரம் ஒருமுறை மருத்துவர் பார்க்க வேண்டும். வெடிப்பு உள்ளவர்களுக்கு ஆறும்வரை வெளி வேலை, வேலை போகாது. ரெண்டு கையுறைக்கும் அடியில் போட மெல்லிய துணிக் கையுறையும் வந்தது. ஒரு மாதத்தில் அக்கா விரலால் சாதம் பிசைந்து சாப்பிட்டார். அன்று எதிரில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த பவுடர் அண்ணன் தன் தட்டை மறந்துவிட்டாராம்.

தொலைநோக்கி மேலே போனது அதற்கு அடுத்த வருடம். காலை பதினோரு மணிக்குக் கேன்டீன் தொலைக்காட்சியில் எல்லோரும் சேர்ந்து பார்த்தார்கள். புகையும் நெருப்புமாக அது கிளம்பியதைப் பார்த்து அக்கா அடித்த கமென்ட் இன்றும் அங்கே பிரசித்தம். "அத்தனை வருஷம் துடைச்சு வச்சதை எவ்வளவு புகையில கொண்டு போறாங்க பாரு!"

பதினான்கு மாதம் கழித்து ஓர் ஆராய்ச்சியாளர் அந்தக் கூடத்துக்கு வந்தார். இளம் நட்சத்திரங்களை ஆராய்கிறவர். பொறியாளர்களுக்கெல்லாம் கூட்டம் போட்டுப் பேசினார். பேசி முடித்ததும், "அந்த வளையத்தைத் துடைச்சவங்க யாரு? அவங்களைப் பார்க்கணும்" என்றார். டார்ச் மேடம் கேன்டீனுக்குக் கூட்டிவந்தார். அக்கா அப்போது டீயில் பிஸ்கட்டைத் தோய்த்துக்கொண்டிருந்தார். பதற்றத்தில் பிஸ்கட் உள்ளே விழுந்துவிட்டது.

அந்த மனிதருக்குக் கையில் எது கிடைத்தாலும் அதில் படம் போடுகிற பழக்கம். காகித டீக் கப்பை எடுத்து, அதன் மேல் ஒரு வட்டம் போட்டு, சுற்றி ஒரு தட்டு போட்டார்.

"இது நட்சத்திரம்மா. சுத்தி இருக்கறது வாயுவும் தூசியும். இதுலேர்ந்துதான் பின்னாடி கிரகமெல்லாம் உருவாகும். நம்ம சூரியனுக்கு நாப்பது வயசுன்னு வச்சுக்கங்க. இது பொறந்து பத்து நாள்தான் ஆகுது."

அக்காவின் முகம் மாறியது. "பத்து நாள் குழந்தையா? அப்ப அதுக்குப் பசிதான் இருக்கும், வேற ஒண்ணும் தெரியாது."

ஆராய்ச்சியாளர் பேனாவை அப்படியே நிறுத்தினார். "அதேதான்! அதைத்தான் நாங்க பார்க்கிறோம். சுத்தி இருக்கற வாயுவை இது இழுத்து இழுத்துச் சாப்பிடுது. அந்த வாயு மேலேர்ந்து வேகமா வந்து நட்சத்திரத்துல மோதும். மோதுற இடம் கொதிச்சுப்போயி புற ஊதா ஒளி வீசும். அந்த ஒளியை அளந்தா எவ்வளவு சாப்பிடுதுன்னு சொல்லிடலாம்."

"ஒரே அளவாச் சாப்பிடுமா?"

"இல்லம்மா. ஒரு நாள் நிறைய, ஒரு நாள் கொஞ்சம்."

"எல்லாம் அப்படித்தான்" என்றார் அக்கா. "பதினோரு வருஷம் பார்த்தேன். குழந்தை ஒரு வேளை குடிக்கும், மறு வேளை மூஞ்சியைத் திருப்பிக்கும். எடை மட்டும் ஏறிக்கிட்டிருந்தா பயப்படவேண்டாம்."

பிறகு ஆராய்ச்சியாளர் ஒரு தாளை விரித்தார். மேலும் கீழுமாக ஏறி இறங்குகிற ஒரு கோடு. அந்த நட்சத்திரத்தின் ஒளியைப் பிரித்து வரைந்தது. இடது ஓரத்தில் கோபுரம்போல உயர்ந்து நின்ற சில முனைகளை விரலால் தொட்டுக் காட்டினார்.

"கண்ணாடியில எண்ணெய்ப் படலம் இருந்திருந்தா முதல்ல இதுதான் காணாமப்போயிருக்கும். நாங்க எதிர்பார்த்ததை விட நல்லா வந்திருக்கு. உங்ககிட்ட நேர்ல நன்றி சொல்லணும்னுதான் வந்தேன்."

அக்கா பக்கத்தில் நின்ற டார்ச் மேடத்தைப் பார்த்தார். மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்கு யாருங்க நன்றி சொல்லணும்?" என்றார் அக்கா கடைசியில். "நான்தான் சொல்லணும். ஒன்பது நாள் உங்க எல்லாரையும் காக்க வச்சேன். ஒருத்தர்கூட முகம் சுளிக்கலை. என் வீட்டுக்காரரு வாசல்ல போய் உக்காந்தப்போ யாரும் விரட்டலை. இந்த வயசுல எனக்கு இதுக்கு மேல என்ன வேணும்?"

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் அந்தக் கோடு போட்ட தாளைக் கணவரிடம் கொடுத்தாராம். அண்ணன் அதை இப்படியும் அப்படியுமாகத் திருப்பிப் பார்த்து, "நல்லாத்தான் வெட்டியிருக்காங்க. ஓரத்துல மட்டும் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றாராம். "அதைத்தாங்க வெட்டாம விட்டிருக்கோம்" என்று அக்கா சொல்ல, இருவரும் வெகுநேரம் சிரித்திருக்கிறார்கள்.

தொலைநோக்கி மேலே போய் இப்போது நாலு வருடம் ஆகிறது. அது நன்றாக வேலை செய்கிறது. அடுத்த கருவி கூடத்துக்கு வந்துவிட்டது. அக்காவும் உள்ளே போய்க்கொண்டிருக்கிறார். புதிய இளம் நட்சத்திரம் ஒன்றைப் பார்க்கப்போகிற நாளில் அந்த ஆராய்ச்சியாளர் மறக்காமல் அக்காவுக்கு ஒரு வரி செய்தி அனுப்புவார். அக்கா உடனே கடைக்குப் போன் போடுவார்.

போன வெள்ளிக்கிழமை நான் நாற்காலியில் இருந்தபோது அந்தப் போன் வந்தது. அண்ணன் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "சரிம்மா… எழுபத்தொண்ணாவது நட்சத்திரமா? இதுக்கு எத்தனை நாள் வயசு?… ஆறா! அடேங்கப்பா, பச்சைக் குழந்தை" என்று பேசிக்கொண்டே கடைக்கு வெளியே போய், நல்ல வெயிலில் வானத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். என் தலை ஒரு பக்கம் வெட்டியும் மறு பக்கம் வெட்டாமலும் இருந்தது. நான் அவரைக் கூப்பிடவில்லை.